சிவப்பு மூடி போட்ட கறுப்பு லேப்டாப்

கடவுளின் காவலில் தூரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நானும் மகளும் உங்கள் தம்பியும் நலம். உங்கள் இருமல் விட்டதா என்பதை முதலில் எழுதுங்கள்.

போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். லேப்டாப் விழுந்த மறுநாளே மகளுக்கு எழுதிவிட்டீர்கள், பழுதெல்லாம் பார்க்க வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், நான் இங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கொள்கிறேன் என்று. மாதக் கடைசியில் கையெழுத்தாம். தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.

விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலப் பிரார்த்தனையில் நீங்களும் எங்களோடு நிற்க வேண்டும் என்று ஸ்டூல்மேல் தலையணைகளை அடுக்கி, வீடியோ அழைப்பில் இருந்த உங்களை லேப்டாப்போடு எங்கள் உயரத்துக்கு ஏற்றி வைத்தது நான்தான். கண்ணை மூடி நின்றோம். சத்தம் கேட்டுத் திறந்தால் தரையில் கிடக்கிறீர்கள். யார் இடித்தது என்று சொல்லச் சாட்சி இல்லை. உங்கள் தம்பி, "கடவுள் செயல் அண்ணி, விடுங்க" என்று நழுவப் பார்த்தார். நீங்களோ என் முழங்கைதான் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிரார்த்தனை நேரத்தில் உங்கள் கண் மட்டும் திறந்திருக்கிறது. என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று மகள் எதிரில் நான் கேட்கவில்லை.

மகள் கல்லூரிக் கட்டுரையைப் போனிலேயே தட்டித் தட்டிக் கண் சிவந்துபோனாள். பெரிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "திரையும் போச்சு, கீலும் போச்சு மேடம். இதுக்குச் செலவு பண்றதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று எழுதித் தரச் சொன்னேன். நம் வீட்டு வாடகை நாலு மாதத்துக்கு வந்தது. நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

சந்தைக்குப் பின்னால் சின்னதாகப் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. அவர், "புதுத் திரை போட்டா உங்களுக்குக் கட்டுப்படியாகாதுக்கா. இதே மாடல்ல செத்த மெஷின் ஒண்ணு கொண்டாங்க, அதுலேருந்து எடுத்துப் போட்டுடறேன். கூலி மட்டும் போதும்" என்றார். செத்த மெஷினுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். போனில் இருக்கும் எங்கள் பிரார்த்தனைக் குழுவில், அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரை முழுதாகப் போட்டு, இந்த லேப்டாப் குணமாக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டு, "அம்மா, கடவுளுக்கு எதுக்கும்மா மாடல் நம்பர்?" என்றாள். கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டாமா என்றேன். பதில்கள் கூப்பிய கைப் படங்களாக வந்து குவிந்தன. ஒரு அம்மா, நோயாளிக்கு வயசென்ன என்று விசாரித்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்தக் குழுவில் இருக்கும் நர்ஸம்மா போனில் கூப்பிட்டார். "அதே நம்பர் என் அலமாரியில செத்துக் கிடக்குதுக்கா. காபியக் குடிச்சிட்டு உயிர விட்டுச்சு. தூக்கிட்டுப் போங்க" என்றார். விலை கேட்டால் கோபித்துக்கொள்கிறார். பதிலுக்கு அவருடைய சீருடைகளுக்கு நான் ஓரம் தைத்துக் கொடுக்க அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

பழுது பார்ப்பவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காபி குடித்த மெஷினைத் திறந்ததும், "வாசனை இன்னும் போகலியே" என்று சிரித்தார். அதிலிருந்த நர்ஸம்மாவின் படங்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம். அந்தப் பாகத்தைத் தனியே கழற்றி உறையில் போட்டுக் கொடுத்தார். அதன் சிவப்பு மூடியைத் திரையோடும் கீலோடும் அப்படியே எடுத்து நம்முடையதில் மாட்டினார். மெமரியும் நன்றாக இருக்கிறது, அதையும் நம்முடையதில் சேர்க்கலாமா என்றார். கேட்காமல் எடுப்பது எப்படி? நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினேன். இப்போது முன்னைவிட வேகமாக ஓடுகிறது. கூலி நம் ஒரு மாதப் பால் செலவைத் தாண்டவில்லை.

ஒரே குறை, உடம்பு கறுப்பு, மூடி சிவப்பு. உங்கள் தம்பி அதைப் பார்த்து, "மாப்பிள்ளை வீடு ஒண்ணு, பொண்ணு வீடு ஒண்ணு" என்கிறார். மகள் கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டாள். இந்தக் கடிதத்தையும் அதில்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன்.

போன தடவை துணி துவைக்கும் இயந்திரம் கெட்டது, ஒரு வருஷம் நீட்டினீர்கள். அதற்கு முன்னால் கூரை ஒழுகியது, அதற்கும் ஒரு வருஷம். வீடென்றால் ஏதாவது உடைந்துகொண்டுதான் இருக்கும். நாளைக்குக் குழாய் போகும், மறுநாள் கதவு போகும். நீங்கள் இங்கே சம்பாதிக்கக் கூடியதை வைத்து மாதக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு தட்டு போட்டிருக்கிறேன்.

அந்தக் காகிதத்தை உங்கள் முன்னால் நீட்டும்போது, கடவுள் உங்கள் வலது கையைக் கொஞ்ச நேரம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி