முதல் பாதி உன்னிடம், பின்பாதி என்னிடம்

கண்ணான பேச்சி,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இருபது வருடமாகச் சிம்மக்கல் பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாயிற்று, இனி எழுத என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் மகள் சுகன்யா ஒரு சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு சோழவந்தானிலிருந்து வந்து என் வாசலில் நின்றாள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூட்டையில் இருந்தவை உன் பங்குப் புத்தகங்கள். எல்லாம் முதல் பாதிகள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். நாம் செய்த கூத்தை அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சிம்மக்கல்லில் ஒரே பாத்திரக் கடையில் நீயும் நானும் வேலை பார்த்தோம். நான் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மிஷினில். நீ சரக்கு எடுத்துக் காட்டுகிற பக்கம். டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் பழைய துப்பறியும் நாவல் ஒன்றைச் சேர்ந்து வாங்கினோம். யார் முதலில் படிப்பது என்று இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அட்டைப்பெட்டி பிரிக்கிற கத்தியை எடுத்து நடுப்பக்கத்தில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாய். முதல் பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வது. கடைசியில் அவரவர் பாதி அவரவர் வீட்டுக்கு.

கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியும், கொலையானது யார் என்று தெரியாது. அப்படியே படிக்கப் பழகிப்போனேன். ஒரே ஒரு விதிதான் வைத்தாய்: முடிவை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. என்னைப் போன்ற ஓட்டை வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரிந்தேதான் வைத்தாய்.

நீ வேலையை விட்டு உங்கள் வீட்டு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்கப் போன பிறகும் அது நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நீ பஸ்ஸில் வந்து இறங்குவாய். பையில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கட்டும் பாதிப் புத்தகமும் இருக்கும். டீ குடித்துக்கொண்டே மாற்றிக்கொள்வோம்.

கதைப் புத்தகத்தை வெட்டியதாவது சரி, சமையல் புத்தகத்தை ஏன் வெட்டினோம்? குழம்பும் கூட்டும் உன்னிடம் போயின, பலகாரமெல்லாம் என் பங்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுப்பில் பாகை வைத்துவிட்டுப் போன் போடுவாய், கம்பிப் பதமா உருட்டுப் பதமா என்று கேட்டு. நான் கண்ணாடியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் பாகு கல்லாகிவிடும். பழி என் மேல் விழும்.

அதைவிடப் பெரிய கூத்து வெற்றிலை சாகுபடிப் புத்தகம். நோயின் அடையாளம் எல்லாம் முன்பாதியில், மருந்தெல்லாம் பின்பாதியில். கொடிக்கால் வைத்திருப்பவளிடம் மருந்துப் பகுதி இருக்க வேண்டும் என்கிற சின்ன யோசனைகூட நம் இருவருக்கும் வரவில்லை. இலை மஞ்சளடித்துத் தொங்குகிறது என்று நீ தோட்டத்தில் நின்று சொல்வாய். நான் பெயர் வெட்டுகிற மிஷினை நிறுத்திவிட்டு, தூக்குவாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து மருந்தை வாசிப்பேன். பாத்திரக் கடையில் பூச்சி மருந்து வியாபாரமும் நடக்கிறதா என்று முதலாளி ஒருநாள் கேட்டார். பிறகு பழகிவிட்டார்.

வாழ்க்கையில் ஜெயிக்கப் பத்து விதிகள் சொன்ன புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஐந்து, எனக்கு ஐந்து. மாற்றிக்கொள்ளவே வேண்டாம் என்றாய்.

"அஞ்சு போதும்க்கா. பத்தையும் கடைப்பிடிச்சா வீட்டுல ஒரு ஆளு கூட இருக்க மாட்டாங்க."

ஆனால் உன் கொழுந்தனார் கொடிக்காலை பிளாட் போடக் கொடுத்துவிடலாம் என்று நெருக்கிய சமயத்தில், என் பங்கில் இருந்த ஏழாவது விதியைத்தான் போனில் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாய். முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், காரணத்தைப் பிறகு சொல்லலாம் என்பது அந்த விதி. மறுநாள் அப்படியே சொல்லியிருக்கிறாய். காரணம் கேட்டவருக்கு, அது அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்றாயாம். கொடிக்கால் தப்பியது.

கவிதைப் புத்தகத்தை மட்டும் நீ வெட்டவிடவில்லை. எங்கே வெட்டினாலும் இரண்டும் முழுசாகத்தான் இருக்கும், வெட்டி என்ன பிரயோசனம் என்றாய். அது ஒன்றுதான் நம்மிடம் இருந்த முழுப் புத்தகம். ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில் இருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்த வருடம், மூன்று மாதம் நான் கடைக்குப் போகவில்லை. நீ வந்து தேறுதல் சொல்லவில்லை என்று எனக்கு மனத்தாங்கல் இருந்தது, அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைக் கட்டோடு ஒரு பாதிப் புத்தகத்தை மட்டும் கொடுத்தனுப்பினாய். மலையேறுகிற ஒருவரின் வாழ்க்கைக் கதை. அவர் கீழே இறங்கிய கதையை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஏறிய கதை உன் பாதி. ஒரு பக்கத்தின் மூலையை மடித்திருந்தாய். பனிக்காற்று நிற்கும்வரை பதினோரு நாள் கூடாரத்துக்குள் ஒன்றும் செய்யாமல் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் அது. அந்த நாட்களையும் அவர் ஏறிய கணக்கில்தான் சேர்த்திருந்தார். நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இன்னும் ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு எழுந்து தலை சீவிக்கொண்டு கடைக்குப் போனேன். உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா?

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே இதற்குப் பயந்துதான்.

நாம் கடைசியாக வெட்டியது ஒரு நாவல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக மெஸ் நடத்துகிற ஒரு அம்மாளின் கதை. நடுப்பக்கத்தில் அந்த அம்மாளுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. உன் பாதி அங்கே முடிந்தது. நீ அதைப் படித்து முடித்த வாரம்தான் உன் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் சாயங்காலங்களில் வருவேன். பின்பாதி எங்கே என்று கேட்டாய். மறந்துவிட்டேன் என்றேன். மறுநாளும் மறந்தேன். மூன்றாம் நாள் நீ என் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"விதியை இன்னைக்கு ஒருநா மீறிக்கிருவோம். நீயே சொல்லுக்கா. அந்த அம்மாவுக்கு என்னாச்சு?"

அந்த அம்மாள் செத்துப்போகிறாள், பேச்சி. அதுவும் யாரிடமும் எதையும் சொல்லி வைக்காமல். குழம்புப் பொடிக்கு என்ன அளவு, எந்தக் கடைக்காரன் நல்ல அரிசி தருவான், வேலை பார்க்கிற பெண்களில் யாரை நம்பலாம், ஒன்றும் யாருக்கும் தெரியாது. மெஸ் மூடிக் கிடக்கிறது. மிச்சக் கதை முழுவதும் அந்தப் பெண்கள் தட்டுத் தடுமாறி அதைத் திறக்கிற பாடுதான். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இதை நான் எப்படிச் சொல்வேன்?

பிழைத்துக்கொண்டாள் என்றேன். பிழைத்து வந்து மெஸ்ஸுக்கு மேலே ஒரு மாடி எடுத்தாள் என்றேன். வாய்க்கு வந்தபடி அளந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றாய்.

அடுத்த வாரம், "அந்த மாடிக் கதையைத் திரும்பச் சொல்லுக்கா" என்றாய். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாய். வைகைப் பக்கம் என்றேன். எத்தனை பெஞ்சு என்று கேட்டாய். எட்டு என்றேன். அதற்கும் அடுத்த வாரம் பன்னிரண்டு என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அதற்குள் நாலு பெஞ்சு கூடிவிட்டதா, வியாபாரம் நல்லாத்தான் நடக்கிறது என்று சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குக் கடைசி.

நீ போன பிறகு இந்தப் பதினோரு மாதமும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இருபது வருடம் உன்னிடம் முடிவைச் சொல்லாமல் காத்தவள், சொல்லச் சொன்ன ஒரே தடவை பொய் சொன்னேன். உன்னை ஏமாற்றித்தானே அனுப்பினேன்? அந்தப் பின்பாதியை அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தேன். அதைக் கையால் தொடவில்லை.

சுகன்யா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதலில் எடுத்துக் காட்டியது புத்தகத்தை அல்ல, ஒரு வெற்றிலைக் கொடியை. அடித்தண்டு கறுத்து, இலை மஞ்சளாகித் தொங்கியது. ஐப்பசி மழை இந்த வருடம் அளவு மீறிவிட்டது. மேற்கு ஓரத்தில் இரண்டு பாத்தியில் வாடல் ஆரம்பித்திருக்கிறதாம். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்லத் தான் எழுதியது என்றாள்.

எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கும், கொடி படர அகத்தி எப்போது விதைக்க வேண்டும், கொடியை எந்த மாதம் இறக்கிக் கட்ட வேண்டும், யார் கை கட்டினால் கொடி நிற்கும், எந்தத் தரகர் முகத்துக்கு நேரே சிரிப்பார் என்று எல்லாம் இருந்தது. நாலாம் பக்கத்தில் என் பெயர் போட்டு ஒரு வரி: "வாடல் வந்தால் தனம் அக்காவிடம் போ. மருந்து அவளிடம்தான் இருக்கிறது."

இதை எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். சுகன்யா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள். நான் மாடிக் கதை சொல்லிவிட்டுப் போன மறுநாளே, ஊர் நூலகத்தில் அந்த நாவலை எடுத்து வரச் சொன்னாயாம். பின்பாதியை இரண்டு மதியத்தில் படித்து முடித்தாயாம். முடித்ததும் நோட்டு வாங்கி வரச் சொன்னாயாம்.

கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் அம்மாகிட்ட கேட்டேன் பெரியம்மா. பெரியம்மா மாத்திச் சொல்லியிருக்காங்களே, அவங்ககிட்ட கேக்கலையாம்மான்னு. அதுக்கு அம்மா சொல்லுச்சு, 'அந்தப் புஸ்தகத்துல எனக்கு வேலை கெடக்குடி. ஒங்க பெரியம்மா சொல்ற கதையில ஒரு வேலையும் இல்ல, மாடியில காத்தாட உக்காந்துருக்கேன். ரெண்டும் வேணும். நீ வாயைத் தொறக்காத'ன்னு."

எல்லாம் தெரிந்துகொண்டா பெஞ்சு எத்தனை என்று கேட்டாய்? அடிப்பாவி.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. சுகன்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உனக்கு ஆறுதல் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். உனக்கு வேலை செய்யவும் நாள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ மட்டும் அந்தப் பின்பாதியைத் தேடிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த நோட்டு இல்லை. சுகன்யா இன்றைக்கு அந்த மெஸ் பெண்களைப் போலத் தடுமாறிக்கொண்டு நிற்பாள். அந்த அளவுக்கு நான் செய்தது தப்புதான். மாடிக் கதையைச் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. புத்தகத்தை ஒளித்ததற்கு வருத்தப்படுகிறேன்.

சாகுபடிப் புத்தகத்தின் இரண்டு பாதிகளையும் தரையில் வைத்துச் சேர்த்தோம். பக்கம் சரியாகப் பொருந்தியது, விளிம்பு மட்டும் கொஞ்சம் பிசிறு. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது, இரும்புப் பாத்திரம் ஆகாது என்று வாசித்தேன். சுகன்யா எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமையே கொடியின் தூரில் ஊற்றிவிட்டார்கள். நேற்றுப் போன் செய்தாள். நோய் மூன்றாவது பாத்திக்குப் பரவவில்லை, முதல் இரண்டில் பாதியாவது தேறும் போலத் தெரிகிறதாம். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் சேர்த்துத் தைத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். நீ திட்டினாலும் பரவாயில்லை.

மற்ற முதல் பாதிகளை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவை சோழவந்தானில்தான் இருக்க வேண்டும். அவள் திருப்பித் தூக்கிக்கொண்டு போனாள், முனகிக்கொண்டே.

கிளம்புகிறபோது கைப்பையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தாள். கடலோரத்தில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணின் கதையாம். யாரும் அதை இன்னும் பிரிக்கவில்லை. கத்தி இருக்கிறதா பெரியம்மா என்றாள். வெட்டிக் கொடுத்தேன். வழக்கப்படி பின்பாதி எனக்கு என்று நீட்டினாள்.

வாங்கவில்லை. முதல் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை, பேச்சி. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பாதி ராத்திரியில் அவள் எழுந்து விளக்கைப் பார்க்கப் போகிற இடத்தில் நேற்று நிறுத்தியிருக்கிறேன். அதற்குள் நாலு தடவை அதே பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். நீ இப்படித்தான் ஒவ்வொரு செவ்வாய் வரைக்கும் காத்திருந்தாயா? ஒருநாள்கூட என்னிடம் காட்டிக்கொள்ளவில்லையே.

வருகிற செவ்வாய்க்கிழமை சுகன்யா பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் பின்பாதியைக் கையால் வாங்கி, என்ன எழுதியிருந்தாலும் கடைசி வரி வரை படிப்பேன். எதையும் அலமாரிக்குப் பின்னால் செருக மாட்டேன். உன்மேல் சத்தியம். அந்த மாடியையும் இடிக்க மாட்டேன். எட்டோ பன்னிரண்டோ, வைகைப் பக்கத்து ஜன்னலோரப் பெஞ்சு உனக்குத்தான்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
தனம்
சிம்மக்கல்