கறுப்புத் துணியில் பதினொன்று இருபது

2.3.2015, திங்கட்கிழமை
காலை 9.40

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. உன் கடிதத்தைப் படிக்காமலே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மேலே தேதி இல்லை. ஆவணக் காப்பகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தேதியில்லாத காகிதம் எதையும் நான் கைநீட்டி வாங்கியதில்லை என்பதும், நம்மிடையே இந்த ஏற்பாடு 14.6.2009 முதல் நடப்பில் இருப்பதும் நீ அறிந்ததே. காது மந்தமான இருவர் தொலைபேசியில் கத்திக்கொள்வதைவிடக் கடிதம் மேல் என்றவளும் நீதான். தையலில் கால் அங்குலம் பிசகினால் பொறுக்காத நீ, தேதியில் மட்டும் ஏன் இப்படி? குறித்து அனுப்பு, அக்கறையுடன் படிக்கிறேன்.

உன் அண்ணன்


6.3.2015, வெள்ளி
(மணியும் வேண்டுமா? கடை திறக்கும் நேரம்.)

அண்ணா,

நலம்தானே? பழைய கடிதத்தில் 26.2.2015 என்று போட்டுவிட்டேன். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று காலை நூல் கோக்கும்போது வலது கை மரத்து ஊசி விழுந்தது, நாக்கும் குழறியது. பக்கத்து பட்டன் கடைக்காரர், "என்னக்கா, காலையிலேயே தூக்கமா?" என்று சிரித்தார். பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாக்டரிடம் போகவா என்று உங்களைத்தான் கேட்டிருந்தேன். அதற்குள் ஒரு கறுப்புக் கோட்டு அவசரமாகத் தைக்க வந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் தங்கை


23.3.2015, திங்கட்கிழமை
மாலை 4.15

அன்பும் மதிப்பும் மிக்க தங்கைக்கு,

மருத்துவமனையில் பதினான்கு நாட்கள் உன் கட்டிலருகே இருந்தும் சொல்ல நா எழவில்லை. நேற்று உன்னை வீட்டில் விட்டு வந்தபின் எழுதத் துணிகிறேன்.

9.3.2015 பிற்பகல் பட்டன் கடைக்காரர் அழைத்ததும் கதவைப் பூட்டினேன். அப்போதுதான் தபால்காரர் உன் கடிதத்தை நீட்டினார். ரயிலில் படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் நேரம் கடந்திருந்தது.

மருத்துவர் விளக்கினார். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அதற்கப்பால் உள்ள பகுதி ரத்தமின்றி நிமிடத்துக்கு நிமிடம் மடிகிறது. முன்பு வந்த அந்தப் பத்து நிமிட மரப்பு, தானே விலகிய அடைப்பாம். சரியாகிவிட்டாலும் அன்றே ஓடி வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை. அதைத்தான் தேதியில்லை என்று நான் திருப்பி அனுப்பினேன். இதை எந்தச் சொல்லாலும் பூசி மெழுக விரும்பவில்லை.

ஆனால் நீ? கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டுமாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் தயங்குவார்களாம். வலக்கை விழுந்து வாய் கோணிய அந்த நொடியில் நீ கடிகாரத்தைப் பார்த்தாய். இடக்கையால் சாக்பீஸை எடுத்து, வெட்டவிருந்த கறுப்புத் துணியில் "11.20" என்று எழுதினாய். அதன்பிறகே கத்திரிக்கோலால் சுவரைத் தட்டி ஆளைக் கூப்பிட்டாய். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று மருத்துவர் கேட்டபோது பட்டன் கடைக்காரர் அந்தத் துணியையே விரித்துக் காட்டி, "அக்காவே எழுதிட்டாங்க சார், அவங்க அண்ணனுக்குப் பயந்து!" என்றாராம். 12.50க்கு மருந்து ஏறியது.

எத்தனையோ ஆயிரம் காகிதங்களைப் பார்த்தவன் நான். அந்தத் துணிக்கு ஈடான ஆவணம் ஒன்றைக் கண்டதில்லை. ஏழு வயது இளையவளை வணங்கத் தோன்றுகிறது. பழக்கமில்லாததால் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுத உனக்குக் கை வருமா என்பது ஒரு கவலை. எனக்கு எழுத உனக்கு மனம் வருமா என்பது அதைவிடப் பெரிது. காத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


அண்ணா,

இது இடது கை. கோணல்தான். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. வலது கை இப்போது பட்டனைப் பிடிக்கிறது; ஊசியைப் பிடிக்க இன்னும் மனம் வைக்கவில்லை. கோட்டுக்காரர் துணியைத் துவைத்துத் தைக்கச் சொன்னார். அதைத் தர முடியாது என்று வேறு துணி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? 'மணி போடாமல் செத்தால் அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார்!'

மேலே பார்த்தீர்களா, தேதி இல்லை. 11.20 எழுதியவளுக்குத் தேதி எழுத வராதா? வேண்டுமென்றேதான் விட்டேன்.

முடிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை