வலது காலின் அளவு

பேகம்பூர்,
திண்டுக்கல்.
நவம்பர் 18

அன்புள்ள மஹ்ஜபீன் அத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் இங்கே சுகம். அடுத்ததாக உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். கடைசியில் கேட்கிறேன்.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை துபாய் திரும்புகிற உங்கள் ரூம்காரர் கருப்பணன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. மாடி ஒழுகவில்லை. மஹ்ஜபீனுக்கு செமஸ்டர் பரீட்சை நடக்கிறது. டிசம்பர் முதல் வாரம் முடிந்துவிடும். ஒழுங்காகப் படிக்கிறாள், நடுநடுவே போனில் பனியைப் பார்க்கிறாள்.

அந்தப் பனி விஷயத்துக்குத்தான் வருகிறேன். பனியில் சறுக்கி விளையாடக் கூட்டிப் போகிறேன் என்று நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது காலேஜில் கடைசி வருஷம். வருகிற ஜனவரியில் குல்மார்க் போகலாம் என்று முதலில் சொன்னவரும் நீங்கள்தான். டிக்கெட் பார்க்கிற நேரத்தில் பேச்சை மாற்றினீர்கள். துபாய்க்கே வந்துவிடுங்கள், இங்கே மாலுக்குள்ளேயே பனிமலை கட்டி வைத்திருக்கிறார்கள், குளிர் தாங்காவிட்டால் வெளியே வந்து டீ குடிக்கலாம் என்றீர்கள். சிறுமலை பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தவள் காஷ்மீர் மலை எப்படி ஏறுவாய் என்று என்னைக் கேலி வேறு. அன்று மஹ்ஜபீன் என் வயிற்றில் மூன்று மாதம். அது உங்களுக்கு மறந்துபோயிற்று.

இரண்டு இடத்தையும் நானும் அவளும் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தோம். மால் பனியைக் குறை சொல்ல மாட்டேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல இடம்தான். விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது. அத்தாவுக்கு அதுதான் சௌகரியம் என்றால் அங்கேயே போவோம் என்று அவளும் இறங்கி வந்துவிட்டாள். ஆனால் நீங்களும் சறுக்குவீர்களா என்று அவள் கேட்டதற்கு, நான் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றீர்களே, அது எனக்கு உறுத்தியது. கல்யாணத்துக்கு மறுநாளே ஃபுட்பால் ஆடப் போன மனுஷன் நீங்கள்.

அதற்குள் என் தம்பி இஷாக்கிடம் பூட்ஸுக்குச் சொல்லியிருந்தேன். சறுக்குகிற பூட்ஸை அங்கேயே வாடகைக்குத் தருவார்களாம். பனியில் நடப்பதற்கு நல்ல தோலில் தானே தைத்துத் தருகிறேன் என்றான். அவன் எப்படி அளவெடுப்பான் என்று உங்களுக்குத் தெரியும். காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும், இரண்டு காலையும் தனித்தனியாக. நீங்களும் இரண்டு தாள் வரைந்து கருப்பணனிடம் கொடுத்தனுப்பினீர்கள்.

இஷாக் அவற்றை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கோடு கொஞ்சமும் விலகவில்லை. சுண்டுவிரல் பக்கத்துப் புடைப்புகூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"அக்கா, நான் எம்புட்டு காலுக்குத் தச்சிருக்கேன். ரெண்டு காலும் அச்சா ஒண்ணுபோல எந்த மனுசனுக்கும் இருக்காது. மச்சான் இடது காலையே திருப்பிப் போட்டு அனுப்பியிருக்காரு" என்றான்.

உடனே பாலசமுத்திரத்தில் கருப்பணன் வீட்டுக்குப் போன் போட்டேன். கருப்பணன் முதலில் மழுப்பினார். வலது காலுக்கு என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டேன். அப்புறம் சொன்னார்: "அண்ணன் சத்தியம் வாங்கீட்டாருங்க அக்கா. நானாச் சொல்லக் கூடாதுன்னுதானுங்க சொன்னாரு. நீங்க கேட்டா மறைக்கச் சொல்லலைங்களே."

எல்லாம் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் சர்க்கரையினால் வலது காலில் இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள். பெருநாளன்று தலையணையில் சாய்ந்தபடி எங்களுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னீர்கள். ஏன் எழுந்து உட்காரவில்லை என்று கேட்டதற்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றீர்கள். நானும் நம்பி, தைலம் தேய்க்கச் சொன்னேன். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் பயப்படுவோம் என்றுதான் மறைத்திருப்பீர்கள். பயந்துதான் போனேன். அதற்காக என்னிடம் மறைப்பீர்களா?

ஆகவே முடிவு சொல்கிறேன். துபாய் வேண்டாம். அங்கே வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் நீங்கள். இருபது வருஷமாக அப்படித்தானே இருக்கிறோம், அதற்கு விசா எடுத்து வேறு வர வேண்டுமா? குல்மார்க்தான் போகிறோம். அங்கே ரோப்கார் இருக்கிறது, உட்கார்ந்தபடியே மேலே போகலாம். பலகை வண்டியில் உட்கார வைத்துப் பனியில் இழுத்துப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். காலை நேரில் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். பார்த்துச் சரி என்றாலும் அதிகம் நடக்கக் கூடாது, கால் நனையக் கூடாது, தினம் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டுமாம். பார்க்க நான் இருக்கிறேன். வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் பனி அடுத்த வருஷமும் பெய்யும். நீங்கள் வருவது மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

டிசம்பரோடு கான்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடாதீர்கள். தன் கடைக் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் இல்லை என்று இஷாக் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் நான் யோசிப்பதாக இல்லை, நீங்களும் யோசிக்க வேண்டாம்.

மஹ்ஜபீனிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள்.

இத்துடன் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். வலது காலை அதில் வைத்து வரையுங்கள். இருப்பது இருக்கிறபடி. முன்பக்கம் பஞ்சு வைத்து நோகாமல் தைத்துவிடுவேன், மூன்று நாள் போதும் என்கிறான் இஷாக். அந்தத் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கையோடு கொண்டு வாருங்கள். வரைய மனசு வரவில்லையென்றால் அதுவும் பரவாயில்லை, காலைக் கொண்டு வாருங்கள். நானே கீழே உட்கார்ந்து வரைந்துகொள்கிறேன்.

ஐந்து வேளையும் உங்களுக்காகத்தான் துஆ செய்கிறேன். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும்.

முதலில் கேட்காமல் வைத்ததை இப்போது கேட்கிறேன். நீங்கள் சுகமா? இந்த முறையாவது உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
நர்கீஸ்