கழிவுப் பட்டியலில் இருந்த நாற்பத்தொன்று

ஜூன் 3
தலைமை நூலகர் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு நாளைக்குப் பதினொரு பேர். ஆகஸ்ட் முடிவதற்குள் ஐம்பதைத் தொடாவிட்டால் இந்தக் கிளையை மூடிவிடுவார்களாம். "உங்க மேல தப்பில்லம்மா. ஆளுங்க வரலன்னா நாம என்ன பண்றது?"

வரவைக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, எப்படி என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 5
வலைப்பூ தொடங்கியாயிற்று. கூடவே செய்தியோடை. ஒருமுறை சேர்ந்துகொண்டால் போதும், நாங்கள் போடுவதெல்லாம் தானாகக் கைபேசிக்குப் போய்விடும். கவுண்ட்டர் அக்கா உதட்டைப் பிதுக்கினார். அவருடைய கைபேசியை வாங்கி, முதல் ஆளாக அவரையே சேர்த்துவிட்டேன்.

ஜூன் 21
ஓடையில் ஒன்பது பேர். நான், அக்கா, என் கணவர், நாத்தனார் போக ஐந்து. 'வாசிப்பின் பயன்கள்' என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. இனி அறிவுரை கிடையாது. வேலைவாய்ப்பு, பேருந்து நேரம், தண்ணீர் வராத நாள் — மற்ற அலுவலகங்களின் ஓடைகளிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் தரப் போகிறேன்.

ஜூலை 5
ஓடையில் இருநூற்றுப் பத்து! வாசல் ஏறியவர்கள் நாளொன்றுக்குப் பதினான்கு பேர். எல்லாம் கையிலேயே கிடைத்தால் எதற்கு வருவார்கள்? நானும் ஒரு மண்டு.

ஜூலை 8
புதிதாக வந்த புத்தகங்களின் பட்டியல் கணினியிலிருந்து நேராக ஓடைக்குப் போகும்படி இணைத்தேன்.

ஜூலை 10
தேனீ வளர்ப்பு கேட்டு மூன்று பேர். வானொலி பழுதுபார்க்கும் புத்தகத்துக்கு இருவர் மல்லுக்கட்டு. அலமாரியில் எதுவும் இல்லை. பின்னறையில், கயிறு கட்டி வைத்த கட்டுகளுக்குள் அக்கா கண்டுபிடித்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதியவற்றின் சேர்க்கைப் பட்டியலும் கழிவுப் பட்டியலும் திரையில் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் கழிவை இணைத்திருக்கிறேன். பத்து வருடமாக யாரும் தொடாமல், எடைக்குப் போட ஒதுக்கிய நாற்பத்தொரு புத்தகங்கள். புதிதாம்!

"பேசாம இரு. கூட்டம் வருதுல்ல?" என்றார் அக்கா. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லி ஆள் சேர்க்கவா நான் கிளம்பினேன்?

ஜூலை 11
உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். இவை புதியவை அல்ல, யாரும் எடுக்காதவை, மாதக் கடைசியில் எடைக்குப் போகின்றன, யாராவது எடுத்தால் அந்தப் புத்தகம் தங்கும் என்று. தலைமை நூலகரும் ஓடையில் இருக்கிறார் என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 12
தலைமை நூலகர் போனில் கூப்பிட்டுவிட்டார். "கழிக்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களாம்மா?"

சொன்னால்தானே எடுப்பார்கள் ஐயா என்றேன். போனை வைத்துவிட்டார். வைக்கட்டுமே! மூடுவதற்கு மேல் என்ன செய்துவிடுவார்? தினமும் ஒரு கழிவுப் புத்தகத்தைப் பற்றி எழுதுவேன். ஒரு கை பார்த்துவிடலாம்.

ஜூலை 31
நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு வெளியே போயிருக்கின்றன. மீதி மூன்றை அக்கா தன் பெயரில் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு முறைத்தார்.

ஆகஸ்ட் 30
இந்த மாதம் நாளுக்கு அறுபத்திரண்டு பேர். தலைமை நூலகர் வந்தார். உட்கார இடமில்லாமல் கவுண்ட்டர் ஓரமாகவே நின்றார். மூடுவது பற்றிப் பேச்சே இல்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். மற்ற நான்கு கிளைகளின் கழிவுப் பட்டியல்.

"இதையும் ஓடையில போட்டுடுங்கம்மா."

அறுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. இன்றைக்குப் பன்னிரண்டைப் பற்றி எழுதி முடித்தேன்.