பால் விடாத தேநீர்

அன்பு மகன் ஃபின்டனுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் பசுவும் சுகம், பாஸ்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். என் விரல்கள் வாதத்தில் மடங்கிக்கொண்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை நூலா எழுதுகிறாள். அப்பா தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது கடகடவென்று ஆடுவதை இந்த வீட்டில் முதலில் கவனித்தவளும் அவள்தான், ஆனால் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை, அவள் சுபாவம் உனக்குத் தெரியுமே. அப்பாவையும் தெரியும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிறந்தால் பால், முட்டை, வெண்ணெய் எதுவும் தொடமாட்டார், கறுப்புத் தேநீரும் காய்ந்த ரொட்டியும்தான், அவருடைய அப்பாவும் அப்படித்தான். இந்த வருடம் நிமோனியாவில் போய்விடுவார் என்று நினைத்த மனிதர் எழுந்து உட்கார்ந்ததே பெரிது, டாக்டர் தினம் பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார், பங்குச் சாமியாரே வீடு தேடி வந்து நோயாளிக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அப்பா, "சாமிக்கு இளகின மனசு. என்னை எழுப்பி உக்கார வச்ச ஆண்டவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்கிறார். "எழுப்பினது மறுபடி படுக்கறதுக்கா? குடுத்த உசுரை அவர் வாசல்லயே திருப்பி வைக்கறதுதான் நன்றியா?" என்று கத்தினேன். சுவர் கேட்டிருக்கும், அவர் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கோர்மக் ஒரு சாயங்காலம் கணப்புப் பக்கம் வந்து உட்கார்ந்து அப்பாவிடம், "மார்ட்டின், பாலை விடறது உனக்கு என்னடா கஷ்டம், பழகின நாக்கு. வீம்பை விட்டுப் பாரு, அதுதான் தவசு. ஆனா வேணாம், பாஸ்கா பண்டிகை வர்றதுக்குள்ள செத்துருவ" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் நூலாவின் கோப்பை அவர் கண்ணில் பட்டது. அதுவும் கறுப்பு. "உனக்கு யாருடி பால் வேணாம்னா?" என்று அதட்டினார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க குடிக்கறதையே நானும் குடிக்கறேன்ப்பா" என்றாள். அவர் படுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, விடிகாலைக் காற்றில் பசுவைக் கறப்பவள் இவள், அந்தப் பாலில் ஒரு மிடறு வாயில் வைக்காமல் இருந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. அப்பா அவள் மெலிந்த மணிக்கட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "என் ஒருசந்தியை இந்தப் பிள்ளை இல்ல சுமக்குது" என்று சொல்லிக் கோப்பையை மேசை நடுவே தள்ளினார். என் பக்கம் திரும்பி, "பிரீட், கோர்மக் சொன்னது சரிதான்டி, பாலை விடறதைவிட வீம்பை விடறதுதான் கஷ்டமா இருக்கு" என்றார். அதற்கு அப்புறம் நடந்ததை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைக்கிறாள் இவள். செய்தவளே கடைசியில் எழுதட்டும்.

இப்போது அப்பா கன்றுக்குட்டியைப் பார்க்க வேலி வரை நடக்கிறார், வேலியோரம் மஞ்சள் பூ வந்துவிட்டது, நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதவில்லை மகனே. நீயும் வயிற்றைக் காயப்போடாதே, ஓட்டின்மேல் ஏறி வேலை செய்கிறவனுக்குச் சாப்பாடு வேண்டும். கோர்மக்கின் மகன் டோமாஸும் நீயும் ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லையாமே. உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது, போய் அவன் கதவைத் தட்டு. இந்தத் தவக்காலத்தில் நீ விடவேண்டியது அந்த வீம்பைத்தான். அப்பாவே விட்டுவிட்டார், உனக்கென்ன? ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும், கழுத்துத் துணியை மறக்காதே.

உன்னை நினைத்திருக்கும் அம்மா,
பிரீட்

அண்ணா, நான் எழுந்துபோய்ப் பால் செம்பைக் கொண்டுவந்து முதலில் அப்பா கோப்பையில் ஊற்றினேன், அப்புறம் என்னுடையதில்.
நூலா