றுக்கியாவின் குடையும் முதற் பக்கமும்

மாதா துணை

திருகோணமலை
26.03.2006

அன்பு மகன் பற்றிக்,

நானும் அப்பாவும் மாதாவின் தயவால் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏணியில் ஏறின குற்றம், அதற்கு மாதா பொறுப்பில்லை. அந்த நோர்வே மழை ஊரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று தபசு காலம் முழுக்க மன்றாடுகிறேன். போன கிழமை போனில் கதைத்தபோது உனக்கு மூக்கு அடைத்திருந்தது, கேட்டால் இல்லையென்றாய், எனக்குத் தெரியாதா. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடி. இதோடு புதுப் படங்கள் உள்ள சீடீ ஒன்றும் வைத்திருக்கிறேன், இரண்டு மட்டைக்கு நடுவே இருக்கிறது, உறையைப் பார்த்துக் கிழி.

இனிப் பந்தயக் கதை. நீ மறந்திருந்தாலும் நான் விடமாட்டேன். நத்தார்ப் பண்டிகை நேரம் ஊர் நிலைமை திரும்பவும் குழம்பியபோது, கடையைப் பூட்டிப்போட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா என்று நீ அழாத குறையாய் நின்றாய். நான் ஏலாது என்றேன். கடைசியில் நீயே ஒரு வழி சொன்னாய். நீ அனுப்பின கமராவில் நான் எடுத்த படங்களை அந்தப் படக் களஞ்சியத்தில் போட்டு வைத்திருக்கிறாயல்லவா, உலகத்தில் எவரும் ஒரு சொல்லை அடித்துத் தேடிப் படம் வாங்கும் அந்த இணையத்தளத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம் என் படம் ஒன்றாவது முதற் பக்கத்தில் வந்தால் நீ பிறகு வாயே திறக்கமாட்டாய், வராவிட்டால் நாங்கள் பெட்டி கட்டவேண்டும். நானும் ரோசத்தில் ஓம் என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு ஓம் என்றேன் என்று யோசித்தேன். பதினெட்டு வருடமாய் நானே நடத்தும் ஸ்ரூடியோ. இந்த ஊரில் எத்தனை பெண்கள் என்னிடம் மட்டுந்தான் முகத்தைக் காட்டிப் படம் எடுப்பார்கள். அதையெல்லாம் மூடிவிட்டு அங்கே வந்து ஜன்னலுக்குள்ளால் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா, நீயே சொல்.

முதலில் நான் விட்ட பிழையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. படத்துக்குப் பெயர் எழுதி அனுப்புங்கோ என்றாய், நான் நெகட்டிவ் உறைமேல் எழுதுகிற மாதிரியே எழுதி அனுப்பினேன். மூதூர் லோஞ்சுப் படகால் இறங்கும்போது காற்றில் குடை மறுபக்கம் புரண்டு, அதைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாளே தையற்காரி றுக்கியா, அந்தப் படத்துக்கு ‘றுக்கியா, மூதூர், தம்பி மகள் கலியாண நாள்’ என்று எழுதினேன். நீயும் ஒரு விசரன், அதை அப்படியே இங்கிலீசில் மாற்றிப் போட்டுவிட்டாய். இன்ரநெற் கடை யோகலிங்கம் தேடித் தேடி அறுபத்திரண்டாம் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டு, அக்கா, ஜேர்மனியில இருக்கிறவனுக்கு றுக்கியா ஆரெண்டு தெரியுமோ, அவன் என்னத்தைச் சொல்லித் தேடுவான் எண்டு யோசிச்சு எழுதுங்கோவன் என்றான். பிறகு அவனே ஒரு புத்தியும் சொன்னான். இலங்கைப் படமென்றால் வெளியில் உள்ளவர்கள் தேடுவது யுத்தம், அகதி என்ற சொற்களைத்தானாம், அந்த இரண்டையும் போட்டால் கிடுகிடுவென்று ஏறுமாம். மகன், உன்னிடம் ஒளிக்கவில்லை, எனக்குப் பந்தயத்தில் வெல்லவேண்டும் என்ற அவா. போட்டுவிடு என்று உனக்கு நான் போனில் சொன்னது அதற்காகத்தான். நிசமாத்தானோ அம்மா என்று நீ கேட்டாய், அப்போதே எனக்குச் சுருக்கென்றது, ஆனால் திருத்தவில்லை. பத்தே நாளில் இரண்டாம் பக்கம். நான் அப்பாவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமையே றுக்கியா துணி வாங்க வந்தவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தோசத்தில் அவளை யோகலிங்கத்தின் கடைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். கீழே என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, வாசித்துக் காட்டினேன். அவள் கோபிக்கவுமில்லை. ஞானமலரக்கா, அண்டைக்கு நான் கலியாணத்துக்குத்தானே வந்தன், நல்ல சாரி உடுத்திருக்கன், என்னை ஏன் அகதியாக்கினீங்க என்று கேட்டுவிட்டு லோஞ்சுக்கு நேரமாகுது என்று போய்விட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கே உனக்குப் போன் எடுத்து, அந்த இரண்டு சொல்லையும் அழி என்றேன். அழித்தாய், படம் பதினேழாம் பக்கத்துக்கு விழுந்தது. அப்பா பழைய சூட்கேசை இறக்கித் தூசு தட்டினார். அந்த ஏணிதான், அந்த முழங்கால்தான்.

நான் சும்மா இருப்பேனா. இப்போது அடையாள அட்டைப் படத்துக்குச் சனம் வரிசையில் நிற்கிறது, எல்லாருக்கும் எங்கே போனாலும் அட்டை வேண்டும். வந்தவர்களிடமெல்லாம் றுக்கியாவின் படத்தை நீட்டி, இதைப் பார்த்தவுடன் வாயில் வாற மூன்று சொல்லைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். ஓய்வு பெற்ற தபாலதிபர் சோமசேகரம் மட்டும் பத்து நிமிடம் யோசித்து ‘பெண்மையின் பெருமிதம்’ என்றார், அவரை விட்டுவிடு. மற்றவர்கள் குடை என்றார்கள், காற்று என்றார்கள், சிரிப்பு என்றார்கள். ஒருவர்கூட யுத்தம் என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் எல்லாரும் ஆமிக்காரரின் சென்றியில் சோதனைக்கு இறங்கி ஏறித்தான் கடைக்கு வந்திருந்தார்கள். அதிகம் பேர் சொன்னதை முதலில் வைத்துப் பன்னிரண்டு சொல் உனக்கு எழுதித் தந்தேன், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். பதினேழு ஒன்பதாகியது, ஒன்பது நாலாகியது, நேற்றுப் பின்னேரம் யோகலிங்கம் வாசலில் நின்றே கத்தினான். குடை, காற்று என்று அடித்தால் முதற் பக்கம், கடைசி வரிசை, ஓரத்தில் எங்கள் றுக்கியா! நான் அங்கேயே கையைத் தட்டிவிட்டேன், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பயந்துபோனார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வெறும் பெருமைக் கடிதமாய் முடிந்திருக்கும். யோகலிங்கம் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். ஆட்கள் திறந்து பார்க்கப் பார்க்கத்தான் படம் மேலே ஏறுமாம், எந்த நாட்டிலிருந்து எத்தனை தரம் பார்த்தார்கள் என்று அதில் இருக்குமாம். எழுபத்தொரு தரம் பார்த்திருக்கிறார்கள். அதில் ஐம்பத்தெட்டு நோர்வே. ஒரு நாளும் தவறவில்லை, ஞாயிறுகளில் இரண்டு தரம். அக்கா, மோன் உங்களுக்காகக் கள்ள வேலை செய்திருக்கிறான் என்று அவன் சிரித்தான். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

நான் தோற்றால் வருவேன் என்று பந்தயம் வைத்தவனும் நீ, என்னைத் தூக்கிவிட்டவனும் நீ. அந்தப் படத்தில் நீ எதைத்தான் அப்படித் தேடினாய், றுக்கியாவின் சிரிப்பையா, அவளுக்குப் பின்னால் தெரிகிற இறங்குதுறையையா, இல்லை, எடுத்தவளையா? விசரா, அம்மா உங்களைப் பார்க்கவேணும் போல கிடக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பந்தயமே தேவையில்லையே. இந்த வெற்றியை நான் கணக்கில் எடுக்கவில்லை, செல்லாது. ஆனி மாதம் நானும் அப்பாவும் வந்து உன்னோடு ஒரு மாதம் நிற்கிறோம். கடைப் பூட்டின் திறப்பை யோகலிங்கத்திடம் கொடுத்துவிடுவேன். ஒரு மாதந்தான், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

மாதா உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்திருப்பாளாக. அப்பாவும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதாய் எழுதச் சொல்கிறார். கொத்தமல்லியை மறக்காதே. ரிக்கற் போடும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே போடு, நான் பார்த்த பிறகுதான் விமானம் ஏறுவேன். அதுவரைக்கும் படத்தைப் பார், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் அன்பு அம்மா,
ஞானமலர் தம்பிராசா