பன்னிரண்டு சாவிகள்

ஜூலை 9, புதன்
சாவிகள் என் மேஜைக்கு வந்துவிட்டன! ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால், பதினைந்து வருஷமாகப் பூட்டிக்கிடந்த கடைத்தெருவில் முப்பது கடைகள். அதில் முதல் பன்னிரண்டு தயார். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆட்களையும் தேர்ந்தெடுத்தாயிற்று. பழைய தெருக்களைப் புதுப்பிக்கும் எங்கள் புத்தாக்க முகமையின் நிபந்தனை ஒன்றுதான்: ஆகஸ்ட் 15க்குள் பன்னிரண்டிலும் வியாபாரம் நடக்க வேண்டும். நடந்தால் மீதிப் பதினெட்டுக்கும் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் அனுமதி. ஒன்று குறைந்தாலும் முகமை வேறு பேட்டைக்குப் போய்விடும். திட்ட அலுவலர் என்று என் பெயர் போட்டிருக்கிறது.

புஷ்பத்திடம் சொன்னேன். "ரொம்ப ஆடாதீங்க" என்றாள். ஏன், மனைவியிடம்கூட ஆடக் கூடாதா?

ஜூலை 18, வெள்ளி
சாவி கொடுக்கும் விழா. ஷாமியானா, மைக், நூறு நாற்காலி, நூறு ரோஸ்மில்க். வந்தது ஒரே ஆள் — படங்களுக்கு ஃப்ரேம் போடும் பீர் முஹம்மது பாய்.

பாத்திரக் கடை அய்யாதுரை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "லாரன்ஸ் சார், நேத்து ஆடி பொறந்துட்டுல்லா? ஆடியில யாராச்சும் புதுக்கடைக்குச் சாவி வாங்குவாங்களா? ஆவணி பொறக்கட்டும், ஓடியாறோம்."

ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17!

நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவன், தோன்றவில்லை. பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளாத எங்கள் மேலாளர் ஸ்ரீவத்சன் சாருக்குமா? "ஆத்து விசேஷம்னா பார்த்திருப்பேன். ஆபீஸ் தேதிக்கெல்லாம் யாருப்பா பார்ப்பா?" என்கிறார். வருஷா வருஷம் ஆடித் தள்ளுபடியில் சட்டை எடுக்கிறேனே, ஏன் இந்த மாதத்தில் தள்ளுபடி என்று ஒரு நாளாவது யோசித்தேனா? முட்டாள், முட்டாள்.

ஜூலை 19, சனி
பாய் கடையைத் திறந்தேவிட்டார். ஒன்று!

ஜூலை 22, செவ்வாய்
பத்து வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காபி, எல்லா வீட்டிலும் ஆவணி. பதினோராவது தாயம்மா, பிளாட்பாரத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? ஆடி பதினெட்டுன்னு ஒரு நாள் கீதே, அத்த இன்னாத்துக்கு வுட்டுட்ட? அன்னிக்கு எத்தத் தொட்டாலும் பெருகும் சார்."

ஆடிப்பெருக்கு! அங்கேயே நின்று பத்துப் பேருக்கும் போன் போட்டேன். பத்துப் பேரும் சரி என்றார்கள். ஆகஸ்ட் 3, ஞாயிறு. பூசை தவறும். ஃபாதர் மன்னிப்பார்.

ஜூலை 30, புதன்
நான்கு கடைக்குத்தான் கரன்ட் மீட்டர் வந்திருக்கிறது. கத்திவிட்டேன். அய்யாதுரை அண்ணாச்சி தோளைத் தட்டினார்: "வெளக்கு ஏத்தத்தான சார் போறோம், பல்பு எதுக்கு?"

ஆகஸ்ட் 2, சனி
வெள்ளைத்துரை காலையிலேயே கூப்பிட்டார். ரெடிமேட் துணிக்காரர், ஆறாம் எண் கடை அவருக்கு. ஊரில் அவருடைய பெரியப்பா தவறிவிட்டார்.

"பதினாறு கழியாம நல்ல காரியம் ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. என்னால எல்லாருக்கும் கெட வேண்டாம். எங் கடைய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

இந்த ஒரு கடைக்காக மூன்று வருஷம் எங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்த மனுஷன். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லையே — நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஏழே முக்காலுக்குப் பத்துக் கடையிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கியது. பாய் பத்துக் கடைக்கும் சாமி படம் ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனவர்களிடம், "சாமிகிட்ட பில் போட மாட்டேன்" என்றார். மத்தியானத்துக்குள் தாயம்மாவிடம் மாவு தீர்ந்துவிட்டது. நான் தெருவில் நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

பதினொன்று.

ஆகஸ்ட் 6, புதன்
காத்திருப்புப் பட்டியலில் முதல் நான்கு பேரும் ஆவணி என்றார்கள். ஐந்தாவது சிம்ரா, பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிறவர். "எங்க வீட்ல ஆடியெல்லாம் பாக்கறதில்ல, எனக்கு நாளைக்கே ஓகே சார்." வெள்ளைத்துரையின் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். திருடியதுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்
ஆய்வுக் குழுவின் கார் கூட்டத்தில் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. இறங்கி நடந்து எண்ணினார்கள். பன்னிரண்டு! இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி! புஷ்பம், இப்போது ஆடலாமா?

ஆகஸ்ட் 18, திங்கள்
எட்டேகாலுக்கே ஆபீஸ் போனேன். பதினெட்டுக் கடைகளுக்கு விண்ணப்பம் வாங்கும் முதல் நாள். வாசலில் இருபது பேருக்கு மேல். முன்னால் தோளில் பையோடு வெள்ளைத்துரை. நேற்றுப் பதினாறை முடித்துவிட்டு, எழும்பூரில் இறங்கி நேரே வந்திருக்கிறார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

கதவைத் திறந்து, "வாங்க, உங்களுதுதான் முதல் விண்ணப்பம்" என்றேன். அவர் அசையவில்லை. யாருமே அசையவில்லை.

"ராகு காலம்ணே. ஒம்பது ஆகட்டும்."

கதவைச் சாத்திவிட்டு நானும் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.